மாத்திரை எடுத்துக்கொள்ளும் விமானிக்கு மருத்துவத் தகுதி கிடைக்குமா?

காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் 1993-இல் திறக்கப்பட்டாலும், பல ஆண்டுகள் பெரும்பாலும் முடங்கியே கிடந்தது. 2018-இல், சிறு நகரங்களை விமானச் சேவையால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. இடையில் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில் பெங்களூரு, கொச்சி, சென்னை என விரிந்து திரும்பியது. விமானப் பயிற்சிப் பள்ளி அமைப்பதற்கு 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட விமான நிலையங்களில் சேலமும் ஒன்று. மருத்துவம், பொறியியல் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த ஓமலூர், தாரமங்கலம், மேச்சேரி வட்டாரக் குடும்பங்களில் பைலட் படிப்பும் இப்போது பேச்சில் சேர்ந்திருக்கிறது. அந்தப் பேச்சோடு பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒரு கேள்வியும் வருகிறது: "பதினோராம் வகுப்பில் இருந்தபோது பையனை மனநல மருத்துவரிடம் காட்டினோம், சில மாதம் மாத்திரை சாப்பிட்டான். இதை மெடிக்கலில் சொல்ல வேண்டுமா? சொன்னால் தள்ளிவிடுவார்களா?"

பயிற்சிக்கு ஐம்பது லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் செலவாகும் என்ற நிலையில், நிலத்தை விற்றோ வங்கியில் கடன் வாங்கியோ பணம் கட்டப்போகும் குடும்பத்துக்கு இது மிக நியாயமான கேள்வி. ஏற்கெனவே விமானியாக வேலை பார்ப்பவருக்கோ, இதே கேள்வி இன்னும் கூர்மையான வடிவத்தில் வருகிறது: தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போன பிறகும், மருத்துவரைப் பார்த்தால் உரிமம் போய்விடுமோ என்று அஞ்சி நாளைத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். விதிகள் உண்மையில் என்ன சொல்கின்றன, அவை ஏன் அப்படி அமைந்தன, பிற நாடுகளில் அவை எப்படி மாறின என்பதைப் புரிந்துகொண்டால், மறைப்பதுதான் இந்த விஷயத்தில் பெரிய ஆபத்து என்பது விளங்கும்.

இந்தியாவில் விமானிகளின் மருத்துவத் தகுதியைத் தீர்மானிப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது எல்லோரும் சொல்லும் டிஜிசிஏ. பயிற்சி மாணவருக்கும் தனியார் விமானி உரிமத்துக்கும் கிளாஸ் 2 மெடிக்கல் போதும். சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் வணிக விமானி உரிமத்துக்குக் கிளாஸ் 1 வேண்டும். வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களுக்குக் கிளாஸ் 3. கிளாஸ் 2 பரிசோதனையை டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்கள் செய்கிறார்கள். கிளாஸ் 1 பரிசோதனை பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற மையங்களிலும், ஒப்புதல் பெற்ற சில தனியார் மையங்களிலும் நடக்கிறது. வணிக விமானிகள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறையும், 60 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் இதைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே இது சேரும்போது ஒரு தடவை தாண்டிவிட்டு மறந்துவிடும் தடையல்ல. பணி முடியும்வரை ஆண்டுதோறும் ஒருவருடைய பிழைப்பு இந்தச் சான்றிதழைச் சார்ந்தே நிற்கிறது.

இந்த விதிகளின் வேர், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் உடன்படிக்கைக்கான முதலாம் இணைப்பில் இருக்கிறது. மனச்சிதைவு, மனநிலைக் கோளாறு, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் கோளாறு போன்றவை உறுதிசெய்யப்பட்ட வரலாறு உள்ளவர், உரிமத்துக்குரிய பணிகளைப் பாதுகாப்பாகச் செய்யத் தடையாக அது இருக்கும் என்றால் தகுதியற்றவர் என்பது அதன் அடிப்படை. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவரைப் பற்றி அந்த இணைப்பு தனியாகவே பேசுகிறது. அவரைத் தகுதியற்றவராகக் கருத வேண்டும். ஆனால், அவருடைய முழு விவரங்களையும் பார்த்த மருத்துவ மதிப்பீட்டாளர், அவரது நிலை பாதுகாப்பாகப் பறப்பதற்கு இடையூறு செய்யாது என்று கருதினால் விலக்கு அளிக்கலாம். இந்த இரண்டாம் பகுதியைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 'மாத்திரை சாப்பிட்டால் பறக்கவே முடியாது' என்று ஊரில் சொல்லப்படுவது முதல் பகுதியை மட்டும் வைத்துச் சொல்லப்படுவது. இந்திய விதிகளும் இந்தச் சர்வதேச அடிப்படையை ஒட்டியே அமைந்தவை. இங்கே இறுதி முடிவு டிஜிசிஏ மருத்துவப் பிரிவின் கையில் இருக்கிறது. சேலத்தில் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், 'இவர் பறக்கலாம்' என்று அவர் எழுதிக்கொடுக்கும் சீட்டு ஓர் ஆவணமாகத்தான் பார்க்கப்படும், முடிவாக ஆகாது.

மதிப்பீட்டாளர் இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கு விடை தேடுகிறார். முதலாவது நோயைப் பற்றியது: எத்தனை முறை வந்தது, எவ்வளவு கடுமையாக இருந்தது, தற்கொலை எண்ணம் இருந்ததா, யதார்த்தத்தோடு தொடர்பு அறுந்த நிலை இருந்ததா, திரும்ப வர எவ்வளவு வாய்ப்பு. மனச்சோர்வு ஒரு முறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மறுபடியும் வரக்கூடும் என்பதால், 'இப்போது நன்றாக இருக்கிறான்' என்ற ஒரு வரி போதாது. இரண்டு விமானிகள் ஓட்டும் விமானத்தில், ஒருவர் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற அளவுகோல் வான்வெளி மருத்துவத்தில் நீண்டகாலமாகப் பயன்படுகிறது. மாரடைப்பு போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். மனநலத்தில் செயலிழப்பு ஒரு நொடியில் நிகழ்வதில்லை, மெல்ல மெல்லக் கவனத்தையும் முடிவெடுக்கும் திறனையும் அரிக்கிறது. அதனால்தான் இந்தத் துறையில் எண்ணை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல மருத்துவர்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் சரியானது என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது கேள்வி மருந்தைப் பற்றியது. நோய் முற்றிலும் அடங்கியிருந்தாலும், அதை அடக்கிவைத்திருக்கும் மாத்திரை கண்ணையோ, இதயத் துடிப்பையோ, எதிர்வினை வேகத்தையோ பாதிக்குமானால் தகுதி கிடைக்காது. பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்துக்கு நிகராக இருக்கக்கூடும். ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே 5,300 அடிதான். அந்த மலையுச்சியையும் விட மெல்லிய காற்றில், ஈரப்பதம் மிகக் குறைந்த அறையில், நேர மண்டலங்கள் மாறி மாறித் தூக்கம் கலைந்த நிலையில் ஒருவர் பல மணி நேரம் விழிப்போடு இருக்க வேண்டும். தரையில் பொருட்படுத்தாமல் விடக்கூடிய சிறு பக்கவிளைவு அங்கே பொருட்படுத்தத்தக்கதாகிவிடுகிறது.

மருந்துகளின் வகை இங்கே பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் தூக்கக் கலக்கம், பார்வை மங்குதல், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிதல், இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைதல் ஆகியவற்றை உண்டாக்கலாம். ஆகவே விமானிகளுக்கு அவை ஏற்புடையவையல்ல. அல்பிரசோலம், குளோனாசெபாம், டயசெபாம் ஆகிய பதற்றத் தணிப்பு மாத்திரைகள் எதிர்வினை வேகத்தைக் குறைப்பதுடன், மறுநாளும் அதன் மந்தம் தொடரக்கூடும், பழக்கத்துக்கும் இட்டுச்செல்லும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கப்படும் லித்தியத்துக்குப் பயனளிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு, உடலில் நீர்ச்சத்து குறைந்தாலே ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். மனச்சிதைவுக்கான மருந்துகளைப் பொறுத்தவரை, மருந்தைவிட அது எந்த நோய்க்காகக் கொடுக்கப்படுகிறது என்பதே தடையாக அமைகிறது. இவற்றோடு ஒப்பிட்டால், ஃப்ளூவோக்ஸெடின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற, எஸ்எஸ்ஆர்ஐ எனப்படும் புதிய வகை மனச்சோர்வு மருந்துகள் பொதுவாக மந்தத்தைக் குறைவாகவே தருகின்றன. தொடக்க வாரங்களில் குமட்டல், படபடப்பு, தூக்கக் குலைவு வரலாம். பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். எனவே இந்த மருந்துகளை ஏற்கும் நாடுகளும், அளவு மாறாமல் பல மாதங்கள் நிலையாக இருந்த பிறகே பறக்கவிடுகின்றன.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் கொடுப்பது வழக்கம். தூக்கம் வரவில்லை என்று சொன்னால், பழகிய மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டியே அல்பிரசோலம் வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. இவற்றை 'மனநல மருந்து' என்று வீட்டில் யாரும் நினைப்பதில்லை. ஆனால், தூண்டும் மருந்தோ மயக்கும் மருந்தோ எடுத்துக்கொண்ட 12 மணி நேரத்துக்குள் விமானி பணியில் ஈடுபடக்கூடாது என்று 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளே சொல்கின்றன. 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த டிஜிசிஏ விதிப்படி, விமான நிறுவனங்கள் தம் விமானப் பணியாளர்களில் பத்து சதவீதம் பேருக்கு ஆண்டுதோறும் முன்னறிவிப்பின்றிப் போதைப்பொருள் பரிசோதனை செய்ய வேண்டும். கஞ்சா, கொக்கைன் போன்றவற்றுடன் அல்பிரசோலம் சேர்ந்த பென்சோடயசெபின் வகையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 'சும்மா தூக்க மாத்திரைதான்' என்று எடுத்துக்கொண்ட ஒன்றுக்காக ஓர் இளம் விமானி விசாரணையை எதிர்கொள்ள நேரிடலாம்.

பிற நாடுகளின் அனுபவத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது ஆஸ்திரேலியாவினுடையது. அந்த நாடு 1987-லிருந்தே மனச்சோர்வு மருந்து எடுத்துக்கொள்ளும் விமானிகளை, தனித்தனியாக ஆராய்ந்து, கண்காணிப்போடு பறக்க அனுமதித்துவருகிறது. அப்படி மருந்து எடுத்துக்கொண்டு பறந்த 481 பேரின் பதிவுகளை, மருந்து எடுக்காத அதே போன்ற விமானிகளின் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வெளியானது. விபத்துகளிலும் சம்பவங்களிலும் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. 481 பேர் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல, விமான விபத்து மிக அரிதான நிகழ்வு என்பதால் இப்படிப்பட்ட ஒப்பீட்டுக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. இருந்தும், மருந்தை அனுமதித்தால் வானம் ஆபத்தாகிவிடும் என்ற அச்சத்துக்கு எதிரான உறுதியான சான்றாக இன்றுவரை இது இருந்துவருகிறது.

அமெரிக்கா 2010 ஏப்ரல்வரை எந்த மனச்சோர்வு மருந்தையும் ஏற்கவில்லை. அந்த மாதம் ஃப்ளூவோக்ஸெடின், செர்ட்ரலின், சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம் ஆகிய நான்கு மருந்துகளுக்கு மட்டும் சிறப்பு அனுமதி வழி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் 12 மாதங்கள் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்கப்பட்டது, பின்னர் அந்தக் காலம் குறைக்கப்பட்டது. மனநல மருத்துவர் அறிக்கை, நினைவாற்றல், கவனம் ஆகியவற்றுக்கான உளவியல் சோதனை, தொடர்ந்த கண்காணிப்பு என்று அந்த வழி நீளமானது, செலவும் அதிகம். அண்மை ஆண்டுகளில் புப்ரோப்பியான், வென்லாஃபாக்ஸின், டுலோக்ஸெடின் போன்றவையும் சேர்க்கப்பட்டுள்ளன. என்னை மிகவும் கவர்ந்தது 2010 அறிவிப்பிலேயே இருந்த மற்றொரு ஏற்பாடு: அதுவரை மருந்தை மறைத்துப் பறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து சொன்னால், மறைத்ததற்காக அவர்கள்மீது நடவடிக்கை இல்லை. மறைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று ஓர் அரசு அமைப்பே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அவர்கள் வெளியே வர வழி செய்து கொடுத்த அரிய சந்தர்ப்பம் அது. ஐரோப்பாவில், நோய் முற்றிலும் குணமாகி, பராமரிப்பு மருந்து நிலையான அளவில் இருக்கும்போது, தகுதி வாய்ந்த மற்றொரு விமானியோடு சேர்ந்து மட்டுமே பறக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு தகுதி வழங்க இடமிருக்கிறது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஜெர்மன்விங்ஸ் விபத்து நினைவுக்கு வருவது இயல்பு. 2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து டுசல்டார்ஃப் சென்ற ஏர்பஸ் ஏ320 விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதச்செய்ததில் 150 பேரும் இறந்தார்கள். அவருக்குப் பயிற்சிக் காலத்திலேயே மனச்சோர்வு வந்து, சிகிச்சைக்குப் பின் நிபந்தனைக் குறிப்போடு சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. 'இதனால்தான் மருந்து சாப்பிடுகிறவர்களை விடக்கூடாது' என்று முடிவு கட்டுவது எளிது. பிரெஞ்சு விபத்து விசாரணை அமைப்பு 2016-இல் வெளியிட்ட அறிக்கை வேறொன்றைச் சொன்னது. அவர் விபத்துக்கு முந்தைய மாதங்களில் பல மருத்துவர்களைப் பார்த்தார். அவர்களில் சிலர் பணிக்குச் செல்ல வேண்டாம் என்று சீட்டு எழுதிக்கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தகவல் விமான நிறுவனத்துக்கோ உரிமம் வழங்கும் அமைப்புக்கோ போய்ச் சேரவில்லை. அவரும் சொல்லவில்லை. பறக்கும் உரிமையை இழந்தால் வருமானத்தையும் தொழிலையும் ஒருசேர இழக்க நேரும் என்ற அச்சம் விமானிகளை மறைக்கத் தூண்டுகிறது என்று அறிக்கை குறிப்பிட்டது. அந்த அச்சத்தைக் குறைக்கும் ஏற்பாடுகளையும் சக விமானிகளின் உதவிக் குழுக்களையும் அது பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் பின்னர் அத்தகைய குழுக்களையும், பணியில் சேரும் முன் உளவியல் மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. அவை 2021 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளன. உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு இந்த விளக்கம் ஆறுதல் தராது என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். ஆனால் அடுத்த விபத்தைத் தடுக்க நினைப்பவர்கள் அந்த அறிக்கையை முழுதாகப் படிக்க வேண்டும்.

மறைப்பு எவ்வளவு பரவலானது என்பதற்குச் சான்றுகள் உண்டு. பெயர் சொல்லாமல் பதிலளிக்கும் வகையில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் நடத்தி 2016-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், மனச்சோர்வு வினாக்களுக்குப் பதிலளித்த 1,848 விமானிகளில் 12.6 சதவீதம் பேர் மனச்சோர்வுக்கான அளவைத் தாண்டியிருந்தார்கள். அமெரிக்காவில் 3,765 விமானிகளிடம் எடுத்து 2022-இல் வெளியான மற்றொரு கணக்கெடுப்பில், சான்றிதழ் போய்விடும் என்ற அச்சத்தால் ஏதோ ஒரு வகையில் மருத்துவத்தைத் தவிர்த்ததாக 56.1 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். 2023 அக்டோபரில், பணியில் இல்லாமல் விமானி அறையில் கூடுதல் இருக்கையில் அமர்ந்து பயணம் செய்த ஓர் அமெரிக்க விமானி, பறக்கும்போதே எஞ்சின்களை அணைக்க முயன்றார். மற்ற விமானிகள் தடுத்துவிட்டதால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. நீண்டகாலமாக மனச்சோர்வில் இருந்தும், வேலை போய்விடும் என்ற பயத்தால் சிகிச்சை பெறவில்லை என்று அவர் பின்னர் சொன்னார்.

விமானிகள் மறைக்காமல் உதவி கேட்கும் சூழல் வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவிலும் மெல்லப் புகுந்திருக்கிறது. விமானிகளின் மனநலத்தைப் பற்றி டிஜிசிஏ 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பணியில் சேரும் முன் மதிப்பீட்டையும் சக பணியாளர் உதவித் திட்டத்தையும் வலியுறுத்தியது. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்கு நான்கு நாட்கள் கழித்து, ஏர் இந்தியாவில் ஒரே நாளில் 112 விமானிகள் உடல்நலக் காரணம் சொல்லி விடுப்பு எடுத்தார்கள் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பெருந்துயரத்துக்குப் பின் அப்படி ஒதுங்கி நின்றவர்களை நான் குறையாகப் பார்க்கவில்லை. மனம் சரியில்லாத நாளில் விமானி அறைக்குள் போகாமல் இருப்பது பொறுப்பான செயல்.

சட்டத்தின் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் கடமையை மருத்துவருக்கு விதிக்கிறது. பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பது, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே சேலத்தில் ஒருவர் மனநல மருத்துவரைப் பார்த்த செய்தி தானாகவே டிஜிசிஏவுக்குப் போய்விடாது. அதே நேரத்தில், மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் பழைய நோய்களையும் மருந்துகளையும் பற்றிய கேள்விகளுக்கு விண்ணப்பதாரர் கையெழுத்திட்டுப் பதில் அளிக்கிறார். தகவலை மறைத்துப் பெற்ற உரிமத்தை இடைநிறுத்தவோ ரத்துச் செய்யவோ விதிகளில் இடமிருக்கிறது. பதினாறு வயதில் வந்து குணமான ஒரு பதற்றத்தைச் சொன்னால் கூடுதல் பரிசோதனையும் தாமதமும் நேரலாம். அதையே மறைத்து முப்பது வயதில் வெளிவந்தால், நோயைப் பற்றிய கேள்வி போய், நேர்மையைப் பற்றிய கேள்வி முன்னால் வந்து நிற்கும். அதற்கு எந்த மருத்துவ அறிக்கையும் பதில் ஆகாது.

நடைமுறையில் சேலம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது, பயிற்சிக் கட்டணத்தின் பெரிய தவணையைக் கட்டும் முன்பே கிளாஸ் 2, கிளாஸ் 1 இரண்டையும் முடித்துவிடுவது நல்லது என்பது. கிளாஸ் 2 கிடைத்துவிட்டது என்பதற்காகக் கிளாஸ் 1 உறுதி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. 'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதினால் அது முடிவல்ல. என்ன ஆவணம், எவ்வளவு காலக் கண்காணிப்பு கேட்கிறார்கள் என்பதைப் பார்த்து மறுபரிசோதனைக்குப் போகலாம், முறையீட்டுக்கும் வழியுண்டு. ஏற்காட்டு விடுதிப் பள்ளியில் படிக்கும்போது பிள்ளைக்குச் சிகிச்சை நடந்திருந்தால், நோய் எப்போது தொடங்கியது, எந்த மருந்து, எந்த அளவு, எப்போது நிறுத்தப்பட்டது, அதன் பின் எப்படி இருந்தான் என்ற விவரங்களோடு மருத்துவரிடம் அறிக்கை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டு கழித்துத் தேடினால் பல மருத்துவமனைகளில் அந்தக் கோப்பு இருக்காது.

இப்போது சிகிச்சை தேவைப்படும் மாணவரோ விமானியோ செய்யக்கூடாத ஒன்று, மெடிக்கல் தேதி நெருங்குகிறது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது. வென்லாஃபாக்ஸின், பரோக்ஸெடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் இரண்டொரு நாளிலேயே தலைச்சுற்றலும் மின்னதிர்வு போன்ற உணர்வும் வரலாம், நோயும் திரும்பக்கூடும். பறக்காமல் இருந்து சிகிச்சையை முடிப்பதே பாதுகாப்பு. இரவில் பேச ஆள் வேண்டுமானால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும், முதல் நாளே 'நான் பைலட்' என்றோ 'பைலட் ஆகப் படிக்கிறேன்' என்றோ மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரே நோய்க்குப் பல மருந்துகள் பலன் தரும்போது, மந்தம் தரும் பழைய மாத்திரைக்குப் பதிலாக வான்வெளி மருத்துவம் ஏற்கத்தக்கதாகக் கருதும் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கவும், பேச்சு வழிச் சிகிச்சையே போதுமா என்று யோசிக்கவும், ஒவ்வொரு சந்திப்பையும் தேதியோடு குறித்து வைக்கவும் அந்த ஒரு வாக்கியம் உதவும்.